போலீஸ்காரனைக் கட்டிய கேள்விக்காரி

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே, கேள்வி கேட்கப் போன வீட்டில் லுவேண்டோவை நாய் கடித்துவிட்டது. கெண்டைக்காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரர் பதறிப்போய்ப் பழைய துணியைத் தேட உள்ளே ஓடினார். நான் தெருவிலிருந்து ஓடிப் போனபோது அவள் முக்காலியில் உட்கார்ந்து, துணியைக் காலில் இறுக்கிக்கொண்டே, "இன்னும் பதினோரு கேள்வி பாக்கி இருக்கு அண்ணே, முடிச்சுட்டு வந்துடறேன்" என்றாள். முடித்துவிட்டுத்தான் ஊசி போட்டுக்கொள்ள வந்தாள். இந்தப் பெண் நிலைப்பாள் என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது.

தலைநகர் லுசாக்காவில் இருக்கும் ஒரு கம்பெனிக்காக வீடு வீடாகப் போய் மக்களின் கருத்தைக் கேட்டு எழுதுவது எங்கள் வேலை. தென் மாகாணத்தில் நான்தான் மேற்பார்வை. டோங்கா மொழி சரளமாகப் பேசும், வெயிலில் நடக்கத் தெம்புள்ள ஆட்கள் எங்களுக்கு வேண்டும். லுவேண்டோ ஆசிரியர் பயிற்சி முடித்து நாலு வருஷமாக அரசாங்க உத்தரவுக்குக் காத்திருந்தவள். சியாபோலா ஊர்ச் சந்தையில் தக்காளி விற்றுக்கொண்டிருந்தாள். எங்கள் மொழியில் லுவேண்டோ என்றால் பயணம். பெயருக்கு ஏற்ற வேலையில்தான் வந்து சேர்ந்தாள். ஒரு நாளைக்குப் பதினாறு கிலோமீட்டர் சாதாரணமாக நடப்பாள்.

எங்கள் கேள்வித்தாளில் நம்பிக்கைப் பகுதி என்று ஒன்று உண்டு. நர்ஸ், டீச்சர், பாதிரியார், நீதிபதி, போலீஸ், பத்திரிகைக்காரர், வியாபாரி, எம்.பி., மினிபஸ் டிரைவர் என்று ஒவ்வொருவராக வாசிக்க வேண்டும். இவர்களை எவ்வளவு நம்புகிறீர்கள்? சுத்தமாக இல்லை, கொஞ்சம், ஓரளவு, ரொம்ப. இந்த நாலில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஜனங்கள் நாலுக்குள் அடங்குவார்களா?

"டீச்சர்னா எந்த டீச்சர்? என் மச்சினனும் டீச்சர்தான். அவனுக்கு ஒரு கோழியைக் குடுத்துக்கூட நம்ப முடியாது."

"டிரைவரை ஏறுற வரைக்கும் நம்புறேன். ஏறின பிறகு ஆண்டவனை நம்புறேன். ரெண்டையும் எழுதிக்க."

"பாதிரியார்ல எங்க சர்ச் பாதிரியாரா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் மைக் வச்சுக் கத்துறவரா?"

லுவேண்டோ சிரிக்க மாட்டாள், அவசரப்படுத்தவும் மாட்டாள். "நாலுல ஒண்ணு சொல்லுங்க" என்று மறுபடியும் அதே குரலில் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். அந்தச் சும்மா இருப்பதுதான் எங்கள் தொழிலில் கஷ்டம். மற்றவர்கள் பதிலை எடுத்துக்கொடுத்துவிடுவார்கள். அவள் காத்திருப்பாள். கோழி குறுக்கே போகும், குழந்தை அழும், அடுப்பில் கஞ்சி பொங்கும். பதில் வரும்வரை அவள் அசைவதில்லை.

ஒருமுறை ஒரு பெரியவர் பட்டியல் முழுவதையும் கேட்டுவிட்டு, "எல்லாரையும் கேட்டே. கேள்வி கேக்க வர்றவங்களை எவ்வளவு நம்புறேன்னு கேக்கலியே?" என்றாராம். "அது லிஸ்ட்ல இல்லீங்க தாத்தா" என்றிருக்கிறாள். "இருந்தா நீதான் கடைசி" என்றாராம். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எங்களைக் கட்சிக்காரர்கள் என்பார்கள், வரி போட வந்தவர்கள் என்பார்கள். ரத்தம் எடுத்து விற்கிற கூட்டம் என்று ஒரு கிராமத்தில் எங்களை மாமரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள்.

இப்படிப்பட்ட வேலையில் இருந்தவள் கட்டிக்கொண்டது ஒரு போலீஸ்காரனை.

அவன் பெயர் லுபிண்டா. மேற்கே, வெள்ளச் சமவெளியிலிருந்து வந்த லோசி இனத்துக்காரன். நல்ல உயரம், கூச்ச சுபாவம், வேர்க்கடலைப் பைத்தியம். சியாபோலா ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்தவன், கணக்கெடுப்பு இல்லாத மாதங்களில் அவள் கடை போட்ட சந்தைக்குத் தக்காளி வாங்க வந்து, வந்து, ஒரு கட்டத்தில் தக்காளி தேவையில்லாத நாட்களிலும் வந்தான். லோசிகளுக்கும் டோங்காக்களான எங்களுக்கும் கேலி முறை உண்டு. எதைச் சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அதனால் அவன் பெண் கேட்டு வந்த அன்று லுவேண்டோவின் அப்பாவுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

"போலீஸ்காரன் மட்டும்னா யோசிப்பேன். லோசி மட்டும்னாலும் யோசிப்பேன். ரெண்டும் ஒண்ணா சேர்ந்து வந்து நிக்கிறியே, நான் எப்படிய்யா தூங்குறது?" என்றார். "உன் முப்பாட்டன் படையோட வந்து எங்க மாட்டை ஓட்டிட்டுப் போனான். நீ இப்ப பொண்ணையும் ஓட்டிட்டுப் போக வந்துட்டே."

லுபிண்டா தலையைக் குனிந்துகொண்டே, "அதுக்குத்தான் மாமா வந்தேன். முப்பாட்டன் கொண்டுபோன மாட்டைப் பரிசமா திருப்பிக் குடுத்துடறேன், பொண்ணைக் குடுங்க" என்றான். கிழவர் சிரித்த சிரிப்பில் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. கல்யாணம் முடிந்தது. இனோங்கே என்று ஒரு பெண் குழந்தையும் பிறந்தது.

அவள் வேலைக்குச் சேர்ந்த ஆறாவது வருஷம் எங்கள் கணக்கெடுப்புக்குக் குலுக்கலில் சியாபோலாவே விழுந்தது. தெரிந்தவர்கள் வீட்டில் கேட்கக் கூடாது என்பது விதி. அதனால் லுவேண்டோவை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், புதிதாகக் குடியேறியவர்கள் இருக்கும் பகுதிக்கு அனுப்பினேன். அங்கே அவளை யாருக்கும் தெரியாது, அவளுக்கும் யாரையும் தெரியாது.

அங்கேதான் சோல்வேம்மாவின் வீடு. சோல்வே என்பது மூத்த மகன் பெயர். அந்த அம்மா கணவன் இறந்தபின் நாலு பிள்ளைகளோடு வந்து குடியேறி, புளித்த பால் விற்றுப் பிழைத்தார். சோளக் களிக்கு அந்தப் பாலை விட்டால் எங்கள் ஊரில் வேறு எதுவும் இறங்காது. அவர் கொடுத்த பதிலை நான் இங்கே எழுதுவது விதிப்படி தப்பு; பதிலை வெளியே சொல்ல மாட்டோம் என்று வேலையில் சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஆனால் பிறகு அவரே தெருவில் நின்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டதால், என்மேல் குற்றம் இல்லை.

போலீஸ் என்று லுவேண்டோ வாசித்ததும், "சுத்தமா இல்லை" என்று உடனே சொல்லிவிட்டார். அத்தோடு நிறுத்தவில்லை.

"என்கிட்ட இருந்ததே மூணு மாடு. அதுல நல்லாக் கறக்குறதை ஓட்டிட்டுப் போயிட்டானுங்க. ஓட்டமா ஓடி ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டி இருக்கு, டீசல் இல்லை, நீ டீசல் போட்டா வர்றோம்னாங்க. டீசல் போட முடிஞ்சவ பாலு வித்துப் பொழைப்பாளா? அங்க நெட்டையா ஒரு லோசிக்காரன், அவன்பாட்டுக்கு வேர்க்கடலையை உரிச்சுத் தின்னுக்கிட்டு உக்காந்திருந்தான். என் மூஞ்சியைக்கூட நிமிந்து பாக்கலை. அதையும் எழுதுடி. அந்தக் கடலைத் தோலையும் எழுது."

ஊரில் நெட்டையான லோசிப் போலீஸ்காரன் ஒருவன்தான். அதிலும் வேர்க்கடலை.

லுவேண்டோவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. மாறக் கூடாது, அது பயிற்சி. 'சுத்தமாக இல்லை' என்பதைக் குறித்துக்கொண்டாள். "அடுத்து, பத்திரிகைக்காரங்க" என்றாள்.

இதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போனதால் எழுதுகிறேன்.

அவள் அன்றைக்கு வீட்டுக்கு வந்து களி கிண்டினாள், குழந்தையைக் குளிப்பாட்டினாள், புருஷனோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அவன் வறுத்த கடலையைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவாள். லுபிண்டா தன் பாவங்களை எல்லாம் யோசித்துப் பார்த்தான். மாமனாருக்கு மருந்து வாங்கி அனுப்ப மறந்ததா? போன வாரம் பீர் குடித்ததா? ஒவ்வொன்றாக மன்னிப்புக் கேட்டான். "அதெல்லாம் இல்லை" என்றாள்.

"பின்னே என்னன்னு சொல்லேன்."

"சொல்லக் கூடாது."

"யாரு சொல்லக் கூடாதுன்னது?"

"நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

அதிலேயே அவனுக்குப் பாதி விளங்கிவிட்டது. ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒன்றைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். எந்த வீடு, என்ன பேச்சு என்று கேட்டால் அவள் சொல்லப் போவதில்லை. நாலாம் நாள் அவளாகவே ஒரு கேள்வி கேட்டாள்.

"இனோங்கே அப்பா, ஒரு மனுஷன் மாடு காணோம்னு ஸ்டேஷனுக்கு வந்தா நீங்க என்ன செய்வீங்க?"

அவன் கிண்ணத்துக் கடலையைக் கிளறிக்கொண்டே, "வண்டி இருக்கும். டீசல் இருக்காது" என்றான்.

"காலு இருக்குல்ல?" என்றாள் லுவேண்டோ. "பொம்பளை நான், ஒருத்தன் பாதிரியாரை நம்புறானா டிரைவரை நம்புறானான்னு கேக்கறதுக்கே பதினாறு கிலோமீட்டர் நடக்கறேன். நாயிகிட்டக் கடி வாங்கிட்டு நடக்கறேன்."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குமேல் அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ஆனால் அவன் கடலைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டான்.

இரண்டு வாரம் கழித்து, வடக்கே ஒரு கிராமத்தில் தலைவரின் தொழுவத்திலிருந்து ஐந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தலைவரின் மகன்கள் இருவர் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். வழக்கமான பதில்தான் கிடைத்தது. லுபிண்டாவுக்கு அன்று காலையோடு வேலை முடிந்து மூன்று நாள் விடுப்பு. அவன் அவர்களோடு வெளியே வந்து, "குளம்புத் தடம் இன்னும் அழியலைல்ல? வாங்க, நடப்போம்" என்றிருக்கிறான். அவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். போலீஸ்காரன் நடந்து அவர்கள் பார்த்ததில்லை.

மாட்டைத் தேடிக் கால்நடையாகவே இரண்டு நாள் போனார்கள். தடம் கஃபுவே ஆற்றுச் சமவெளிக்குள் இறங்கியது. மழை முடிந்த சமயம். புல்வெளி முழுக்க இடுப்பளவு தண்ணீர். தண்ணீரைக் கண்டதும் தலைவரின் மகன்கள் நின்றுவிட்டார்கள். நாங்கள் மேட்டு நிலத்து ஆட்கள், முதலை என்ற சொல்லே எங்களுக்குப் போதும். லுபிண்டாவோ வெள்ளத்திலேயே பிறந்து வளர்ந்தவன். கால்சட்டையைக் கழற்றித் தலையில் சுற்றிக்கொண்டு, ஒரு குச்சியால் ஆழம் பார்த்துக்கொண்டே இறங்கிவிட்டான். புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தே மாடு போன வழியைச் சொன்னானாம். வெட்கம் தாங்காமல் அந்த இருவரும் பின்னால் இறங்கினார்கள்.

நடுவே ஒரு மேட்டுத் திட்டில் மாடுகள் இருந்தன. ஐந்தில் நாலு. ஐந்தாவதன் தோல் மட்டும் முள்மரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. காவலுக்கு இருந்த இரண்டு பேர், தண்ணீரிலிருந்து கால்சட்டை இல்லாமல், போலீஸ் சட்டையோடு எழுந்து வந்த நெட்டை உருவத்தைப் பார்த்ததும் ஓட்டம் பிடித்துவிட்டார்கள். அவர்களை அன்றும் பிடிக்க முடியவில்லை, பிறகும் பிடிக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது மாடுகளைச் சியாபோலா பெரிய சாலை வழியாகத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. சந்தை நாள். முன்னால் நாலு மாடு, பின்னால் கையில் குச்சியோடு சேறு பூசிய போலீஸ்காரன். சந்தையே எழுந்து நின்றுவிட்டது.

"ஐயோ, லோசிக்காரன் மாடு ஓட்டிட்டுப் போறான்! யாராவது போலீசைக் கூப்பிடுங்க!" என்று ஒருவன் கத்தினான்.

"யோவ் மச்சான், உன் முப்பாட்டன் ஓட்டிட்டுப் போனதை இன்னிக்குத்தான் திருப்பிக் கொண்டாறியா? வட்டி எங்க?"

"வட்டியை முள்மரத்துல தொங்கவிட்டிருக்கு, போய் எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு லுபிண்டா நடந்தான். மீன் விற்கும் பெண்கள் குலவை விட்டார்கள். ஸ்டேஷனில் வேறு மாதிரி வரவேற்பு. உத்தரவு இல்லாமல் சீருடையோடு போனதற்காக அதிகாரி ஒரு மணி நேரம் திட்டி, ஒரு மாதம் வாசல் காவல் போட்டார். வாசலில் நின்றபடியே கால் கொப்புளங்களை ஆற்றிக்கொண்டான்.

இந்தக் கூத்து எல்லாம் சோல்வேம்மாவின் காதுக்கும் போயிற்று. போன கையோடு யாரோ, "அந்த நெட்டைப் போலீஸ்காரன் பொண்டாட்டியும் ஒரு அலைச்சல்காரிதான். நீலச் சட்டை போட்டுக்கிட்டு வீடு வீடாக் கேள்வி கேட்டுக்கிட்டுத் திரிவாளே, அவதான்" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த அம்மாவுக்குத் தலையில் இடி விழுந்தது போல ஆகிவிட்டது. கடலைத் தோலையும் எழுது என்று சொன்னோமே, யாரிடம் சொன்னோம்! இது ரகசியம், யாருக்கும் போகாது என்று அந்தப் பெண் ஆரம்பத்தில் வாசித்தாளே! புருஷன் திடீரென்று மாட்டுக்குப் பின்னால் ஓடினது எதனால்? பொண்டாட்டி வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்ததனால்தானே? இனி நாளைக்கு அவன் நம்மை என்ன செய்வான்?

சனிக்கிழமை காலை. அன்று நான் அவர்கள் வீட்டில் இருந்தேன், படிவங்களில் லுவேண்டோவின் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். போலீஸ் குடியிருப்பில் வரிசையாக எட்டு வீடு. எல்லா வீட்டு வாசலிலும் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். தலையில் பால் கேனோடு சோல்வேம்மா வந்தார். கேனை இறக்கி வைத்தார். இடுப்பில் கையை வைத்தார்.

"அடியே கேள்விக்காரி! வெளியில வாடி!"

லுவேண்டோ சோப்பு நுரைக் கையோடு வந்து நின்றாள்.

"என் வீட்டு முக்காலியில உக்காந்து, என் கையால பாலை வாங்கிக் குடிச்சுட்டு, என் வாயைப் புடுங்கினே. யாருக்கும் சொல்ல மாட்டேன்னே. வீட்டுக்கு வந்து புருஷன் காதுல ஊதிட்டே! ஆமாடி, சொன்னேன். போலீசை நம்பலைன்னு சொன்னேன். உன் புருஷன் கடலை உரிச்சுத் தின்னுக்கிட்டு என் மூஞ்சியைப் பாக்கலைன்னு சொன்னேன். இப்பவும் சொல்றேன். பிடிச்சு உள்ள போடச் சொல்லு!"

எட்டு வீட்டிலும் துவைக்கும் சத்தம் நின்றுவிட்டது. உள்ளே சவரம் செய்துகொண்டிருந்த லுபிண்டா பாதி முகத்தில் நுரையோடு கதவுக்கு வந்தான்.

"வாயைத் திறடி! சொன்னியா இல்லையா?"

"அம்மா, உங்க வீட்டுக்கு நான் வந்தேனா இல்லையான்னுகூட நான் சொல்லக் கூடாது" என்றாள் லுவேண்டோ.

"வந்தியா இல்லையாவா? உன் காலைச் சுத்திச் சுத்தி வந்துச்சே என் ஆட்டுக்குட்டி, அதைக் கூட்டியாந்து சாட்சி சொல்லச் சொல்லட்டுமா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். நான் முன்னால் போய் ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். அதற்குள் லுபிண்டா படியிறங்கி வந்தான்.

"அம்மா, இவ எனக்கு ஒண்ணுமே சொல்லலை. நாலு நாளு என்கூடப் பேசாம இருந்தா. ஏன்னு எனக்கு இப்ப, நீங்க சொல்லித்தான் தெரியுது."

"பொய்!"

"கழுத்துல வெள்ளைத் திட்டு. இடது கொம்பு நுனி உடைஞ்சது. மார்ச் மாசம், செவ்வாய்க்கிழமை. நீங்க மஞ்சள் துணி கட்டிக்கிட்டு, செருப்பு இல்லாம வந்தீங்க." அவன் முகத்து நுரையைத் துடைத்துக்கொண்டான். "இதெல்லாம் இவ சொல்லித் தெரியாது. நான் அங்க இருந்தேன். கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நிமிந்து பார்த்தா எந்திரிக்கணுமேன்னுதான் கடலையைப் பார்த்தேன். அது என் தப்பு. இவ தப்பு இல்லை."

சோல்வேம்மா பால் கேனின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். லுவேண்டோ பக்கம் திரும்பினார்.

"நெசமாவே சொல்லலியா நீ?"

லுவேண்டோ அப்போதும் பதில் சொல்லவில்லை. கண்ணில் மட்டும் நீர் கோத்திருந்தது.

"இவளுக்கு என்ன வாயா, கல்லா?" என்றார் அந்த அம்மா, எங்கள் எல்லாரையும் பார்த்து. "புருஷன்கிட்டக் கூடவா சொல்ல மாட்டா? நானா இருந்தா வீட்டு வாசல் வர்றதுக்குள்ள சொல்லியிருப்பேன்!"

பிறகு லுபிண்டாவிடம், "என் மாட்டை அன்னிக்குப் புஸ்தகத்துலகூட எழுதலை தெரியுமா? இப்ப எழுது" என்றார். அவன் உள்ளே போய் நோட்டுப் புத்தகம் எடுத்துவந்து, தரையில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினான். திங்கட்கிழமை அதை ஸ்டேஷன் புத்தகத்திலும் ஏற்றினான். அந்த மாடு கிடைக்கவில்லை. அதை எப்போதோ யாரோ தின்று முடித்திருப்பார்கள் என்று சோல்வேம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் எழுதியதை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கொம்பு நுனி விட்டுப் போயிருந்ததைச் சேர்க்கச் சொன்னார். கிளம்பும்போது லுவேண்டோவுக்கு இரண்டு படி பால் ஊற்றினார். காசையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "போலீஸ்காரன் வீட்டுக்கு ஓசிப் பால் கிடையாது" என்றார்.

அதன்பின் சந்தையில் அவர் இதைச் சொல்லாத நாள் இல்லை. "போலீசை நான் நம்ப மாட்டேன். அவன் நல்லவன், இருந்தாலும் போலீஸ். ஆனா அந்தக் கேள்விக்காரி இருக்கா பாரு, அவ வாயில போட்டது கிணத்துல போட்டது" என்பார்.

இதனால் லுவேண்டோவுக்கு ஒரு புதுத் தொல்லை வந்து சேர்ந்தது. பெண்கள் அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். நர்ஸிடம் சொன்னால் மருத்துவமனை வரிசைக்கே தெரிந்துவிடும், பாதிரியாரிடம் சொன்னால் பெயர் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் வந்துவிடும் என்று பயந்தவர்கள் எல்லாம் இவளிடம் வந்தார்கள். கேள்வித்தாள் இல்லை, பேனா இல்லை. சும்மா வந்து உட்கார்ந்து மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டு, மேல்துணி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போவார்கள். அவள் யோசனை ஒன்றும் சொல்வதில்லை. தலையை ஆட்டுவாள், வேண்டுமானால் இன்னொரு கேள்வி கேட்பாள். யாராவது வந்தாலே லுபிண்டா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். "என் வீட்டுல எனக்குத்தான் இடமில்லை மச்சான்" என்று என்னிடம் புலம்புவான். புலம்பும்போது அவன் முகத்தில் இருக்கும் பெருமையைப் பார்க்க வேண்டும்.

நாட்டில் எத்தனை பேர் போலீஸை நம்புகிறார்கள் என்ற கணக்கு அடுத்த முறையும் பெரிதாக மாறவில்லை. ஒருவன் நடந்தால் நாடு நகர்ந்துவிடுமா? ஆனால் மாடு தொலைந்தால் எங்கள் பக்கத்து ஜனங்கள் ஸ்டேஷனுக்குப் போய், "அந்த நடக்கிற ஆளு இருக்காரா?" என்று கேட்பது மட்டும் வழக்கமாகிவிட்டது. அவன் இல்லை என்றால் திரும்பிப் போய்விடுவார்கள். இது மற்ற போலீஸ்காரர்களுக்கு உறுத்தியதோ என்னவோ, இரண்டு பேர் தாங்களும் நடக்கத் தொடங்கினார்கள். டீசல்கூட எப்போதாவது கிடைத்தது.

போன வருஷக் கணக்கெடுப்பில் லுவேண்டோ இல்லை. எட்டு மாதக் கர்ப்பம், நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்குப் பதில் லுசாக்காவிலிருந்து சான்சா என்ற பெண் வந்திருந்தாள். ஒவ்வொரு ஐந்தாவது வீடாக எண்ணிக்கொண்டே வந்ததில், போலீஸ் குடியிருப்பில் கணக்கு அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. நான் கேட்க முடியாது, தெரிந்தவன். சான்சாவுக்கு அவர்களைத் தெரியாது. ஒரு வீட்டில் ஆணிடம், அடுத்த வீட்டில் பெண்ணிடம் என்று மாற்றி மாற்றிக் கேட்பதில் அந்த வீட்டுக்கு ஆண் முறை. வயதுக்கு வந்த ஆண் லுபிண்டா ஒருவன்தான். மேற்பார்வைக்காகத் தினம் ஒரு பேட்டியிலாவது நான் கூடவே உட்கார வேண்டும். இதில் உட்கார்ந்துவிட்டேன்.

மற்றவர்கள் காதில் விழாதபடி கேட்க வேண்டும் என்று சான்சா ஆரம்பிக்கும் முன்பே லுவேண்டோ எழுந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வேலியோரம் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். இனோங்கேயையும் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நர்ஸ், டீச்சர், பாதிரியார், நீதிபதி எல்லாவற்றுக்கும் லுபிண்டா சட்டுச் சட்டென்று பதில் சொன்னான். "போலீஸ்" என்று சான்சா வாசித்தாள். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என்னைப் பார்த்தால் நான் என்ன செய்வது? நான் கூரையைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் போயிற்று. "நாலுல ஒண்ணு சொல்லுங்க சார்" என்றாள் சான்சா. இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. அந்தப் பெண் நல்ல பெண், அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அவன் ஒரு பதில் சொன்னான். அவள் குறித்துக்கொண்டாள். அது என்ன என்று எனக்குத் தெரியும், ஆனால் நானும் கையெழுத்துப் போட்டவன்.

எல்லாம் முடிந்த பிறகு லுவேண்டோ எங்களைச் சாப்பிடாமல் விடமாட்டேன் என்றுவிட்டாள். களி, கீரை, பொரித்த சின்ன மீன். கை கழுவிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தோம். லுபிண்டா களியை உருட்டிக்கொண்டே இருந்தான், வாயில் போடவில்லை.

"போலீஸ்னு வந்தப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா?" என்றான் மனைவியிடம். "சொல்லட்டுமா?"

லுவேண்டோ அவன் தட்டில் இன்னும் இரண்டு மீனை எடுத்து வைத்தாள்.

"வேண்டாம்" என்றாள். "சாப்பிடுங்க, ஆறிப்போவுது."